உங்களுக்குத் தெரியுமா? பீரின் ருசி தண்ணீரில்!

● ஒரு கோப்பை பீரில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். வீட்டில் பீர் தயாரிக்கிறவர்கள் மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட் மூன்றையும் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டுக் கடைசியாகத்தான் தண்ணீர்ப் பக்கம் திரும்புகிறார்கள். முதலில் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

● இங்கிலாந்தில் பர்ட்டன்-அபான்-ட்ரென்ட் ஊர்க் கிணறுகளில் ஜிப்சம் அதிகம். அதிலுள்ள சல்ஃபேட், ஹாப்ஸின் கசப்பைத் தூக்கிக் காட்டும். 19-ஆம் நூற்றாண்டில் பர்ட்டன் பேல் ஏல் கொடிகட்டிப் பறந்தபோது லண்டன் கம்பெனிகள் அங்கேயே போய் ஆலை வைத்தன. சூட்சுமம் கிணற்று உப்பில் இருக்கிறது என்று தெரிந்ததும், மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் தண்ணீரிலேயே ஜிப்சத்தைக் கலக்க ஆரம்பித்தார்கள்.

● செக் நாட்டின் பில்சன் நகரில் நிலைமை நேரெதிர். உப்பு மிகக் குறைந்த மென்னீர். பவேரியாவிலிருந்து வந்த யோசெஃப் க்ரோல் 1842-ல் அங்கே காய்ச்சியதுதான் பொன்னிற பில்ஸ்னர்.

● மியூனிக் தண்ணீரில் காரத்தன்மை அதிகம். அங்கே கறுத்த டுங்கல் பீர் செழித்ததற்கு அதுவும் ஒரு காரணம். நிறம் ஏறிய மால்ட்டில் அமிலத்தன்மை கூடுதல். தண்ணீரின் காரத்தை அது ஈடுகட்டிவிடும்.

● பி.எச். அளவுகோல் பிறந்ததே ஒரு பீர் கம்பெனியின் ஆய்வகத்தில்! கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தின் வேதியியல் பிரிவுத் தலைவர் சோரன்சன், என்சைம்களை ஆராயும்போது 1909-ல் அதை வகுத்தார்.

● என்சைம் வேலை செய்யும் இடம்தான் மாஷ். நொறுக்கிய மால்ட்டைச் சுமார் 66 டிகிரி வெந்நீரில் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அப்போது பி.எச். 5.2 முதல் 5.6-க்குள் இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் 7-க்கு மேல் இருக்கிறதே என்று பதற வேண்டாம். தண்ணீரிலுள்ள கால்சியம் மால்ட்டின் பாஸ்பேட்டோடு சேர்ந்து படியும்போது அமிலம் வெளிப்பட்டு, பி.எச். தானாக இறங்கும். அதைத் தடுப்பது, காரத்தன்மையைத் தரும் பைகார்பனேட். அதனால் தண்ணீரின் பி.எச்.சைவிட அதன் காரத்தன்மை எவ்வளவு என்பதே முக்கியம். கால்சியமும் மக்னீசியமும் ஈடுகட்டியது போக எவ்வளவு காரத்தன்மை மிஞ்சும் என்று கணக்கிடும் வழியை ஜெர்மானியர் பால் கோல்பாக் 1953-ல் தந்தார். இன்றைய கணக்கீட்டு மென்பொருள்களுக்கும் அதுவே அடிப்படை.

● மாஷின் பி.எச். அளப்பதற்கும் ஒரு முறை உண்டு. மாஷைக் கிளறி, ஒரு கரண்டி எடுத்துச் சின்னத் தட்டில் பரப்பி, அறைச் சூட்டுக்கு ஆறவிட்டு மீட்டரை வையுங்கள். சூடாக அளந்தால் சுமார் 0.3 குறைத்துக் காட்டும். மின்முனையும் சீக்கிரம் கெடும்.

● மால்ட்டை அலசி ஊற்றும் தண்ணீரின் காரத்தன்மையையும் பாருங்கள். அந்தக் கட்டத்தில் பி.எச். 6-ஐத் தாண்டினால் உமியின் துவர்ப்பு இறங்கிவிடும். சில துளி லாக்டிக் அமிலம் போதும்.

● ஜெர்மனியின் 1516 தூய்மைச் சட்ட மரபில் அமிலத்தை நேரடியாக ஊற்றக் கூடாது. லாக்டிக் அமிலம் ஏறிய புளிப்பு மால்ட்டைச் சேர்த்துக்கொள்கிறார்கள். மொத்த மால்ட்டில் 1 சதவீதம் சேர்த்தால் பி.எச். சுமார் 0.1 குறையும்.

● பீரில் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி வாடை வருகிறதா? குளோரினைச் சந்தேகப்படுங்கள். கொதிக்கவைத்தால் குளோரின் ஓடிவிடும், குளோரமின் லேசில் போகாது. ஒயின் தயாரிப்பவர்கள் பயன்படுத்தும் கேம்ப்டன் மாத்திரை ஒன்றைப் பொடித்துப் போட்டால் 75 லிட்டருக்குக் காணும். சில நிமிடங்களில் இரண்டுமே போய்விடும். உப்புக் கணக்கெல்லாம் இதற்குப் பிறகுதான்.

● 10 லிட்டரில் 1 கிராம் ஜிப்சம் கரைத்தால் லிட்டருக்கு 23 மில்லிகிராம் கால்சியம், 56 மில்லிகிராம் சல்ஃபேட் ஏறும். அதே அளவு கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட், 27 மில்லிகிராம் கால்சியமும் 48 மில்லிகிராம் குளோரைடும் தரும். சல்ஃபேட் கசப்பை முன்னே நிறுத்தும். குளோரைடு வாய் நிறைந்த இனிமை தரும்.

● வீட்டு சாஃப்ட்னர் இயந்திரத் தண்ணீர் இதற்கு ஆகாது. அது கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தை வைக்கிறது. காரத்தன்மை அப்படியே நிற்கும். ஆர்.ஓ. தண்ணீரில் தொடங்கி வேண்டிய உப்பைச் சேர்ப்பது எவ்வளவோ மேல்.

● ஜிப்சம் வெந்நீரில் இன்னும் நன்றாகக் கரையும் என்று நினைக்கிறோம். கொதிநிலையை நெருங்க நெருங்க அதன் கரைதிறன் குறையவே செய்யும். ஆறிய தண்ணீரிலேயே போட்டுக் கிளறிவிட்டுப் பிறகு அடுப்பை மூட்டுங்கள்.

● பர்ட்டன் நீரின் எண்களை அப்படியே நகலெடுக்காதீர்கள். அவ்வளவு சல்ஃபேட் பல பீர்களுக்குத் தாங்காது. தயாரான பீரை இரண்டு கோப்பையில் ஊற்றி, ஒன்றில் மட்டும் உணவுத் தர ஜிப்சம் ஒரு துளிப் பொடி தூவிக் கலக்கிக் குடித்துப் பாருங்கள். அடுத்த முறை எவ்வளவு போடலாம் என்று நாக்கே சொல்லிவிடும்.