அட்வான்ஸ் கொடுக்கும் முன் வக்கீலைப் பாருங்கள்

இயற்கை விவசாயம் செய்ய நிலம் தேடுகிறவர்கள் சில நேரம் என்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள். மண்ணை அள்ளி முகர்ந்து பார்ப்பார்கள், கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள், பக்கத்துக் காட்டில் மருந்து அடிக்கிறார்களா என்று விசாரிப்பார்கள். எல்லாம் சரி. "பத்திரத்தை வக்கீல்கிட்ட காட்டினீங்களா?" என்று கேட்டால் மட்டும், "ஈ.சி. போட்டுப் பாத்தாச்சுங்க, பட்டா அவர் பேர்லதான் இருக்கு" என்று பதில் வரும்.

ஈ.சி. எனும் வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள் மட்டுமே தெரியும். பதியாத உயில் அதில் வராது. நடந்துகொண்டிருக்கும் வழக்கும் பெரும்பாலும் வராது. பட்டா என்பது வருவாய்த் துறை வைத்திருக்கும் கணக்கு. அதுவே உரிமை ஆவணம் ஆகிவிடாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன. 1980-களில் நடந்த யு.டி.ஆர். பதிவின்போது பெயரும் பரப்பும் மாறிப்போன நிலங்கள் பல ஊர்களில் இன்னும் அப்படியே கிடக்கின்றன. பத்திரத்தில் 3 ஏக்கர், பட்டாவில் 2 ஏக்கர் 60 சென்ட், வேலிக்குள் அளந்தால் இன்னொரு கணக்கு. இந்த மூன்றையும் தாய்ப்பத்திரத்தோடு வைத்து ஒப்பிட்டு, எங்கே இடிக்கிறது என்று எழுத்தில் சொல்வதுதான் வக்கீல் தரும் சட்டக் கருத்து.

அதிகம் இடிக்கும் இடம் குடும்பம். "அக்கா தங்கச்சிக்கெல்லாம் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு, அவங்க பங்குக்கு வரமாட்டாங்க" என்று விற்பவர் சொல்வார். அவர் பொய் சொல்கிறார் என்று இல்லை, அப்படியே நம்பிக்கொண்டிருப்பார். ஆனால் இந்துக் குடும்பத்துப் பூர்விகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டத் திருத்தம் வந்தது. 2005-ல் மத்திய சட்டமும் திருத்தப்பட்டது. 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆகவே அந்த அக்காவும் தங்கச்சியும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் முன்பே விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிந்திருக்க வேண்டும். சிறுவர் பெயரில் இருக்கும் நிலத்தை நீதிமன்ற அனுமதி இல்லாமல் அப்பா விற்றால், அந்தப் பையன் 18 வயது முடிந்த 3 ஆண்டுக்குள் வழக்குப் போட்டு அதை ரத்து செய்யக் கேட்கலாம். நீங்கள் வைத்த மாங்கன்று காய்க்கத் தொடங்கும் நேரத்தில் நோட்டீஸ் வரும்.

இதையெல்லாம் வீட்டுமனை வாங்குகிறவரும் பார்த்தாக வேண்டும். காட்டுக்கு மட்டுமே உரிய வம்புகள் இரண்டு: தடமும் தண்ணீரும். பழைய பத்திரங்களில் 'மாமூல் வண்டித் தடப் பாத்தியம் உள்பட' என்று ஒரு வரி இருக்கும். எந்த சர்வே எண்ணில், எந்தப் பக்கம், எத்தனை அடி அகலம்? ஒன்றும் இருக்காது. மாட்டு வண்டி போன தடத்தில் இன்று டிராக்டர் போக வேண்டும். விற்பவர் பங்காளி என்பதால் பக்கத்துக் காட்டுக்காரர் இத்தனை நாள் விட்டிருப்பார். நிலம் கைமாறிய மறுமாதம் குறுக்கே கல் நடுவார். 20 ஆண்டு தடையின்றிப் பயன்படுத்திய வழிக்கு 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது, உண்மைதான். ஆனால் அந்த 20 ஆண்டை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியது நீங்கள். அதுவரை எருவை எந்த வழியாகக் கொண்டுபோவீர்கள்?

வாங்குமுன் வக்கீல் இதைச் சுலபமாக முடித்துவிடுவார். புலப்படத்தில் வண்டிப்பாதை புறம்போக்கு இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார். இருந்தால் நல்லது. தடம் இன்னொருவர் பட்டா நிலத்தில் போகிறது என்றால், விற்பவர் எழுதிக் கொடுத்து மட்டும் பயனில்லை. தன்னிடம் இல்லாததை அவர் எப்படி விற்க முடியும்? அந்த நிலத்துக்காரரும் சேர்ந்து, சர்வே எண், நீளம், அகலத்தோடு பாதை உரிமையை எழுதிப் பதிய வேண்டும். கிரயத்துக்கு முன்னால் கேட்டால் ஒரு காப்பியோடு பேசி முடிக்கலாம்.

கூட்டுக் கிணறும் அப்படித்தான். 'கிணற்றில் 1/3 பங்கு' என்பதோடு நிறுத்தாமல், முறைத் தண்ணீர் எந்தெந்த நாள், மோட்டார் யாருடையது, வாய்க்கால் எந்த வழி என்பதையெல்லாம் எழுதச் சொல்லுங்கள். இலவச மின் இணைப்பு இறந்துபோன பெரியப்பா பெயரில் இருப்பது நம் ஊர்களில் சகஜம். அதை மாற்றித் தர யார் யார் சம்மதம் வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

விலை மலிவாக இருக்கிறதே என்று சந்தோஷப்படும் நிலங்களில் கூடுதல் கவனம் வேண்டும். 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலத்தைப் பிறர் வாங்கினால் செல்லாது. அது சட்டக் கேள்வி மட்டுமல்ல, நியாயக் கேள்வியும்கூட. கோயில் நிலம், பூதான நிலம் எல்லாம் விசாரித்தே தொட வேண்டியவை. 'அ' பதிவேட்டையும் பழைய வருவாய்க் கணக்கையும் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

எந்த வக்கீல்? புரோக்கர் கூட்டி வருபவரோ விற்பவரின் வக்கீலோ வேண்டாம். பத்திர எழுத்தர் எழுதித் தருவார், உரிமையை ஆராய்வது அவர் வேலை இல்லை. அந்தத் தாலுகா நீதிமன்றத்தில் தொழில் செய்பவராகப் பாருங்கள். எந்தக் காடு வழக்கில் இருக்கிறது என்பது அவருக்குக் காதில் விழுந்திருக்கும். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் முணுமுணுக்காமல் கட்டுகிறவர்கள், வக்கீல் ஃபீஸ் என்றதும் பேரம் பேசுவது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பவர் வாங்கியவர் விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவர் ரத்தாகவில்லையா என்பதையும் அவர் பார்க்க வேண்டும். பவர் பத்திரத்தை வைத்து மட்டும் நிலம் கைமாறாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

குத்தகைக்கு எடுத்து இயற்கை வழியில் செய்கிற தம்பி தங்கைகளுக்கும் இது பொருந்தும். வாய்ப்பேச்சில் எடுத்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி, மூன்று ஆண்டில் மண்ணைத் தேற்றியதும் "அடுத்த வருசம் நானே பண்ணிக்கிறேன்" என்று உடைமையாளர் சொன்னால், கையில் ஒன்றும் இருக்காது. எழுதிக் கொடுத்தால் நிலமே போய்விடும் என்று அவருக்கும் பயம். 1955-ஆம் ஆண்டு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அவர் மனதில் இருக்கும். இருவரையும் உட்கார வைத்து, எத்தனை ஆண்டு, இடையில் நிறுத்தினால் என்ன ஈடு, நட்ட மரம் யாருக்கு என்று இருவரும் ஒப்பும்படி எழுதித் தர ஒரு வக்கீலால் முடியும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிய வேண்டும்.

செலவுக்கு வழியில்லையே என்பவர்கள் தாலுகா நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், வருமான வரம்புக்கு உட்பட்டவர்களுக்கு அங்கே சட்ட உதவி இலவசம். 15100 என்ற எண்ணிலும் பேசலாம். ஏற்கெனவே தகராறு வந்துவிட்டது என்றால், வழக்குப் போடுமுன்பே அதை லோக் அதாலத்துக்குக் கொண்டுபோகக் கேளுங்கள். இரண்டு பேரும் சம்மதித்து அங்கே எழுதும் தீர்வு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் அப்பீல் கிடையாது. வழக்கு ஏற்கெனவே நடந்து, அங்கே சமரசமாக முடிந்தால், கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்ப வரும்.