மூச்சைச் சீராக்குவோம், நலத்தைப் பேணுவோம்

தொட்டிலில் உறங்கும் கைக்குழந்தையைச் சற்று நேரம் உற்று நோக்குங்கள். அதன் நெஞ்சு அதிகமாக அசைவதில்லை. வயிறுதான் மெல்ல எழுந்து மெல்லத் தாழ்கின்றது. யாரும் கற்றுக்கொடுக்காமலேயே குழந்தை அவ்வாறு மூச்சு விடுகின்றது. அதே குழந்தை வளர்ந்து, குடும்பப் பாரத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு, விடியுமுன் எழுந்து வேலைக்கு ஓடும் வயதை அடைந்ததும் அப்பழக்கம் பலரிடம் மாறிவிடுகின்றது. தோள்கள் இறுகுகின்றன. நெஞ்சின் மேற்பகுதியால் மட்டும் சிறு சிறு மூச்சாக இழுத்து விடுகின்றோம். நாள் முடிவில் உடல் ஓய்ந்தாலும் மனம் ஓய்வதில்லை. படுத்தால் உறக்கம் வருவதில்லை. சிறு சொல்லுக்கும் சினம் பொங்குகின்றது.

இந்நிலையைத் தணிக்க உதவும் எளிய வழி ஒன்று நம்மிடமே உண்டு. அதற்குப் பணம் வேண்டியதில்லை, கருவி வேண்டியதில்லை, தனி இடமும் வேண்டியதில்லை. நாள்தோறும் சில நிமிடங்கள் மூச்சை மெதுவாகவும் சீராகவும் விடப் பழகுவதே அது. ஆயினும் இப்பயிற்சியால் ஆவது எது, ஆகாதது எது என்பதை அறிந்து செய்தால்தான் நன்மை விளையும். அவ்விரண்டையும் இங்கே விளக்க விரும்புகின்றோம்.

மூச்சு நடைபெறும் விதம்

நுரையீரலுக்குத் தானாக விரியும் ஆற்றல் இல்லை. நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் இடையே குடைபோல் கவிந்திருக்கும் உதரவிதானம் என்னும் தசையே அதனை விரிக்கின்றது. இத்தசை சுருங்கிக் கீழிறங்கும்போது நெஞ்சறை பெரிதாகின்றது. காற்று உள்ளே வருகின்றது. தசை தளர்ந்து மேலெழும்போது காற்று வெளியேறுகின்றது. உதரவிதானம் இறங்கும்போது வயிற்றிலுள்ள உறுப்புகள் தள்ளப்படுவதால் வயிறு முன்னே எழுகின்றது. மற்றபடி, காற்று வயிற்றுக்குள் போவதாக எண்ணுதல் தவறு.

ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை வரை மூச்சு விடுகின்றார். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் காற்று உள்ளே செல்கின்றது. அதில் ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் ஆகிய வழியிலேயே தங்கிவிடும். எஞ்சியதுதான் நுரையீரலின் நுண்ணறைகளை அடைந்து இரத்தத்திற்கு உயிர்வளியைக் கொடுக்கின்றது. மூச்சு சிறியதானாலும் வழியில் தங்கும் அளவு குறைவதில்லை. ஆகவே, மேலோட்டமாக மூச்சு விடுபவர் பலமுறை உழைத்தும் குறைந்த பயனையே பெறுகின்றார். பாதி நிரம்பிய பால் வாளியைத் தூக்கிக்கொண்டு பால் கொட்டகைக்குப் பலமுறை நடப்பதற்கு ஒப்பாகும் இது.

மூக்கின் பணியும் சிறிதன்று. அது காற்றிலுள்ள தூசியைத் தடுத்து, காற்றை வெதுவெதுப்பாக்கி, ஈரப்படுத்தி உள்ளே அனுப்புகின்றது. வாயால் இழுக்கும் காற்றுக்கு இப்பாதுகாப்பு முழுமையாகக் கிடைப்பதில்லை. எனவே மூச்சை மூக்கின் வழியாகவே உள்ளிழுத்தல் வேண்டும்.

மூச்சும் மனமும்

இதயத் துடிப்பையும் செரிமானத்தையும் நாம் நினைத்தவாறு மாற்ற இயலாது. மூச்சோ நாம் மறந்திருக்கும்போது தானாக நடைபெறும். நாம் விரும்பும்போது நம் சொற்படியும் நடக்கும். இதில்தான் பயிற்சியின் பயன் அடங்கியுள்ளது.

மணிக்கட்டில் நாடியைத் தொட்டுப் பாருங்கள். மெதுவாக மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று விரைவதையும், விடும்போது சற்றுத் தணிவதையும் பலர் தாமே உணரலாம். மூச்சை வெளிவிடும்போது மூளையிலிருந்து இதயத்திற்குச் செல்லும் வேகஸ் என்னும் நரம்பு இதயத்தின் விரைவைக் குறைக்கின்றது. வெளிமூச்சு நீண்டால் அவ்வமைதியும் நீளும். சினமும் அச்சமும் மூச்சை விரைவாக்குகின்றன. மூச்சை மெதுவாக்கினால் சினமும் அச்சமும் பிடி தளர்கின்றன.

இவ்வுண்மை நம் முன்னோருக்குப் புதிதன்று. திருமூலரின் திருமந்திரம் மூச்சை இழுத்தல், நிறுத்தல், விடுதல் ஆகியவற்றைப் பற்றி விரிவாகப் பேசுகின்றது. கோயில் திருவிழாக்களில் நாதசுரம் வாசிக்கும் கலைஞரும் மூச்சைச் சிறிது சிறிதாகச் செலவிடும் கலையைக் கற்றவரே. ஆனால், நாம் இங்குக் கூறுவது யோகக் கலை முழுவதும் அன்று. எச்சமயத்தவரும் எவ்வயதினரும் செய்யத்தக்க எளிய உடற்பயிற்சியே ஆகும்.

மூன்று பயிற்சிகள்

முதலாவது, வயிற்று மூச்சு. பாயில் மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிக்கொள்ளுங்கள். ஒரு கையை நெஞ்சின் மீதும் மற்றொரு கையை வயிற்றின் மீதும் வையுங்கள். மூக்கின் வழியாக மெல்ல மூச்சை இழுங்கள். வயிற்றின் மீதுள்ள கை எழவேண்டும். நெஞ்சின் மீதுள்ள கை பெரும்பாலும் அசையாதிருக்க வேண்டும். பின்னர் வயிறு தானாகத் தாழுமாறு மூச்சை மெல்ல விடுங்கள். தொடக்கத்தில் 5 நிமிடம் போதும். படுத்துப் பழகிய பின் உட்கார்ந்தும் செய்யலாம்.

இரண்டாவது, எண்ணி விடும் மூச்சு. முதுகை நிமிர்த்தி, தோள்களைத் தளர்த்தி உட்காருங்கள். மனத்திற்குள் 4 வரை எண்ணிக்கொண்டே மூச்சை இழுத்து, 6 வரை எண்ணிக்கொண்டே விடுங்கள். இடையில் மூச்சை அடக்க வேண்டியதில்லை. ஓர் எண்ணுக்கு ஒரு நொடி எனக் கொண்டால் நிமிடத்திற்கு 6 மூச்சாகும். இது கடினமாகத் தோன்றினால் 3 எண்ணி இழுத்து 4 எண்ணி விடலாம். அளவை எட்டுவது முக்கியமன்று. வெளிமூச்சு நீண்டிருப்பதே முக்கியம்.

மூன்றாவது, உதடு குவித்து விடும் மூச்சு. மூக்கால் இழுத்து, விளக்கின் சுடர் அணையாமல் அசையும் அளவுக்கு உதடுகளைக் குவித்து மெல்ல ஊத வேண்டும். மேட்டில் ஏறும்போதும் படியேறும்போதும் மூச்சு வாங்கினால் நின்று இவ்வாறு செய்யலாம். நாட்பட்ட நுரையீரல் நோயுள்ளவர்களுக்கு மருத்துவமனைகளிலும் இம்முறை கற்பிக்கப்படுகின்றது.

பாரம் தூக்குவோர் மேலும் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். செம்பனைக் குலையை வண்டியில் ஏற்றும்போதும், நிறைந்த வாளியைத் தூக்கும்போதும் நம்மையறியாமல் மூச்சை அடக்கிக்கொள்கின்றோம். அந்நொடியில் இரத்த அழுத்தம் திடீரென உயர்கின்றது. தூக்குமுன் மூச்சை இழுத்து, தூக்கும்போது விடுதலே சிறந்த பழக்கமாகும்.

பயிற்சிக்கு ஏற்ற வேளை

நேரம் இல்லை என்று கூறுவோர் உண்டு. காலைப் பெரட்டுக்குப் புறப்படுமுன் 2 நிமிடம், நண்பகல் ஓய்வில் 2 நிமிடம், படுக்கையில் 5 நிமிடம் என்று பிரித்துக்கொண்டால் அவ்வாட்டம் தீரும். வயிறு நிறைய உண்டவுடன் செய்தல் கூடாது. மருந்தடிக்கும் வேலை செய்வோர் உடை மாற்றி, உடலை நன்கு கழுவிய பின்னரே பயிற்சியில் அமர வேண்டும்.

ரப்பர்க் காடுகள் பல செம்பனையாக மாறிவிட்டன. தோட்டத்தைவிட்டு நகர்ப்புற அடுக்குமாடி வீடுகளில் குடியேறிய குடும்பங்களும் மிகப் பல. தொழிற்சாலையில் இரவு வேலை, லோரி ஓட்டுதல், காவற்பணி எனத் தொழில் மாறினாலும் களைப்பும் கவலையும் மாறவில்லை. அக்களைப்பைத் தீர்க்கச் சிலர் சம்சுவையும் சிகரெட்டையும் நாடுகின்றனர். சிகரெட்டிலுள்ள நிக்கோட்டின் இதயத் துடிப்பை விரைவாக்குகின்றது. மதுவோ உறக்கத்தைத் தருவது போல் தந்து நள்ளிரவில் கலைத்துவிடுகின்றது. வீட்டுக்குள் நுழையுமுன் வாசற்படியில் அமர்ந்து பத்து மூச்சு எண்ணி விடுவதற்கு ஒரு காசும் செலவில்லை. அப்பத்து மூச்சுக்குப் பின் மனைவியிடமும் பிள்ளைகளிடமும் பேசும் முதற்சொல் மாறியிருப்பதைச் சில நாட்களிலேயே உணரலாம்.

குடும்பத் தலைவியருக்கும் இதனை வலியுறுத்துகின்றோம். எல்லாருக்கும் முன்னே எழுந்து, எல்லாருக்கும் பின்னே படுப்பவர் அவரே. அடுப்படி வேலை முடிந்ததும் அவருக்கு 5 நிமிட அமைதியைத் தருவது வீட்டிலுள்ள மற்றவர்களின் கடமையாகும்.

மருந்துக்கு மாற்று அன்று

2019-ஆம் ஆண்டில் நம் நாட்டில் நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 10 பேரில் 3 பேருக்கு உயர் இரத்த அழுத்தம் உண்டு. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் அதனை அறியாமலேயே இருந்தனர். மெதுவான மூச்சுப் பயிற்சியைத் தொடர்ந்து செய்வோரிடம் இரத்த அழுத்தம் சிறிதளவு குறைவது ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. சிறிதளவு என்பதைக் கவனிக்க வேண்டும். பயிற்சியை நம்பி மாத்திரையை நிறுத்துவது பேராபத்து. ஆஸ்துமா உள்ளவரும் மருத்துவர் தந்த மருந்துக் குழலைக் கைவிடலாகாது.

அதைவிடக் கொடிய தவறு ஒன்று நம்மிடையே நிலவுகின்றது. நெஞ்சு இறுகி மூச்சு முட்டும்போது, வாயுக் கோளாறு என்று கூறி ஓமத் தண்ணீரைக் குடித்துவிட்டு, விடியட்டும் பார்க்கலாம் என்று படுத்துவிடுகின்றோம். அது மாரடைப்பாக இருந்தால் கடந்துபோகும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசையின் ஒரு பகுதியைக் கொண்டுபோகின்றது. நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சுவலி இல்லாமல் மூச்சுத் திணறல் மட்டுமே தோன்றுவதும் உண்டு. திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சிறுக்கம், குளிர்ந்த வியர்வை, இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி ஆகியவை தோன்றினால் பயிற்சி செய்து பார்க்கும் வேளை அதுவன்று. உடனே 999 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

2 வாரத்திற்கு மேல் நீடிக்கும் இருமல், சளியில் இரத்தம், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவை காசநோயின் அறிகுறிகளாக இருக்கலாம். இதற்கும் மருத்துவச் சோதனையே வேண்டும். அரசாங்கச் சுகாதார மருந்தகங்களில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 வெள்ளிதான்.

பயிற்சியின்போது தலை சுற்றினாலோ விரல் நுனிகள் மரத்தாலோ, மூச்சைத் தேவைக்கு மேல் வேகமாகவோ ஆழமாகவோ விடுகின்றோம் என்பது பொருள். இரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மேல் குறைவதால் இது நேர்கின்றது. உடனே நிறுத்தி, இயல்பாக மூச்சு விட்டால் சற்று நேரத்தில் சரியாகும். சரியாகாவிட்டால் மருத்துவரை நாட வேண்டும்.

புகைமூட்டக் காலம்

நல்ல மூச்சுக்கு நல்ல காற்றும் வேண்டும். 1997, 2005, 2013, 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் நம் நாட்டைப் புகைமூட்டம் சூழ்ந்ததை மறந்திருக்க மாட்டோம். 2013-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மூவார், லெடாங் வட்டாரங்களில் அவசரநிலையே அறிவிக்கப்பட்டது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் அக்காற்று உடல்நலத்திற்குக் கேடானது. அந்நாட்களில் வெளியே அமர்ந்து ஆழ்ந்து மூச்சிழுப்பது நன்மைக்குப் பதில் தீமையே தரும். வீட்டினுள், கதவு சன்னல்களை அடைத்துவிட்டு மெதுவாகச் செய்தல் நலம். வீட்டருகே குப்பையை எரிப்பதும், குழந்தைகள் இருக்குமிடத்தில் புகைப்பதும் நாமே உண்டாக்கும் புகைமூட்டம் என்பதையும் உணர வேண்டும்.

இன்றே தொடங்குவோம்

ஒரு நாள் செய்துவிட்டுப் பயன் இல்லை என்று விட்டுவிடலாகாது. சில வாரங்கள் தொடர்ந்து செய்தபின் உறக்கமும் பொறுமையும் கூடியிருக்கின்றனவா என்று நீங்களே எடைபோடுங்கள். பிள்ளைகளையும் உடன் அமர்த்திக்கொள்ளுங்கள்; தேர்வுக்கு முன் படபடக்கும் மாணவருக்கு இது நல்ல துணை. அருகிலுள்ள மருந்தகத்திற்குச் சென்று இரத்த அழுத்தத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பயிற்சியும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இரண்டும் கைகோத்தால் குடும்பம் தழைக்கும். இன்றிரவு பாயை விரித்ததும் வயிற்றின் மீது கையை வைத்து முதல் மூச்சைத் தொடங்குவோமாக.