முழங்காலின் சுமையைக் கணக்கிடும் கம்ப்யூட்டர்

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னக்காயலில், 60 கிலோ எடையுள்ள மீனவர் ஒருவர் சிமெண்ட் சாலையில் நடந்து போவதாக வைத்துக் கொள்வோம். அவர் ஒரு காலை ஊன்றும்போது அந்த முழங்காலில் எவ்வளவு சுமை ஏறும்? 60 கிலோ என்றுதான் நினைப்போம். உண்மையில் ஏறத்தாழ 155 கிலோ! உடல் எடை மட்டுமல்ல, கால் மடங்கி விடாமல் பிடித்துக் கொள்ளும் தசைகளும் மூட்டை அழுத்துவதே காரணம்.

இந்தச் சுமையை வெளியிலிருந்து அளக்க முடியாது. எனவே கம்ப்யூட்டரிடம் கணக்கிடச் சொல்கிறார்கள்.

எப்படிக் கணக்கிடுகிறது?

நடப்பவரின் உடலில் ஒளியைப் பிரதிபலிக்கும் சிறு உருண்டைகளை ஒட்டி, பல கேமராக்களால் படம் பிடிக்கிறார்கள். தரையில் பதித்த தகடு, பாதம் அழுத்தும் விசையைப் பதிவு செய்கிறது. இவற்றைக் கொண்டு மூட்டு எவ்வளவு மடங்கியது, அதற்கு எவ்வளவு விசை தேவைப்பட்டது என்று சாப்ட்வேர் கண்டுபிடிக்கிறது.

அடுத்துதான் சிக்கல். ஒரே மூட்டைப் பல தசைகள் இழுக்கின்றன. எந்தத் தசை எவ்வளவு இழுத்தது என்பதற்குப் பல விடைகள் பொருந்தும். உடல் குறைந்த சிரமத்தில் வேலையை முடிக்கும் என்ற அனுமானத்தில் சாப்ட்வேர் ஒரு விடையைத் தேர்ந்தெடுக்கிறது.

விடை சரிதானா?

பெர்லின் சாரிட்டே மருத்துவமனையில், சென்சார் பொருத்திய செயற்கை மூட்டுகளைச் சிலருக்கு வைத்து, உள்ளே ஏறும் சுமையை நேரடியாகவே அளந்தார்கள். 2010-ல் வெளியான முடிவுகளின்படி, சமதளத்தில் நடக்கும்போது உடல் எடையைப் போல் சராசரியாக 2.6 மடங்கு, படி இறங்கும்போது ஏறத்தாழ 3.5 மடங்கு. கம்ப்யூட்டர் தரும் விடைகளை இத்தகைய அளவுகளோடு ஒப்பிட்டுச் சரி பார்க்கிறார்கள்.

நம் மீனவர் சாலையை விட்டு மணலில் இறங்கினால்? மணலில் நடக்க, கெட்டித் தரையைப் போல் 2.1 முதல் 2.7 மடங்கு சக்தி செலவாகும் என்று பெல்ஜியம் ஆய்வாளர்கள் 1998-ல் கண்டறிந்தார்கள். ஆகவே ஆய்வுக்கூடத் தரையில் எடுத்த கணக்கு கடற்கரைக்குப் பொருந்தாது. எக்ஸெல்லில் தவறான எண்ணைக் கொடுத்தால் கூட்டுத்தொகை தவறுவது போலத்தான் இதுவும்.

செயற்கைக் காலுக்கு உதவி

முழங்கால் கதவுக் கீல் அல்ல. மடங்கும்போது எலும்பு உருண்டுகொண்டே வழுக்கும். சுழலும் மையமும் இடம் மாறும். சென்னை ஐ.ஐ.டி. மற்ற நிறுவனங்களுடன் சேர்ந்து உருவாக்கி 2022-ல் வெளியிட்ட 'கதம்' செயற்கை முழங்காலிலும் மையம் இப்படி மாறும். 160 டிகிரி வரை மடங்குவதால் பஸ், ஆட்டோவில் உட்கார வசதி. இவ்வகை மூட்டில் ஒரு பாகத்தின் நீளம் சற்று மாறினாலும் நடை மாறும். உலோகத்தை வெட்டும் முன்பே அதைத் திரையில் மாற்றிப் பார்த்துவிட்டால், பொருத்திக் கொள்பவர் தடுமாறி விழும் ஆபத்து குறையும்.

நீங்களும் பார்க்கலாம்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழகம் 2007-ல் வெளியிட்ட 'ஓப்பன்சிம்' சாப்ட்வேர் இலவசம், விண்டோஸில் இயங்கும். இதற்கான 'கெய்ட் 2392' மாடலில் 76 தசைகள் உள்ளன. பைல் மெனுவில் ஓப்பன் மாடல் மூலம் அதைத் திறந்து, கோஆர்டினேட்ஸ் பகுதியில் முழங்காலுக்கான ஸ்லைடரை மவுஸால் நகர்த்துங்கள். எந்தத் தசை நீள்கிறது, எது சுருங்குகிறது என்று கண்ணால் காணலாம். முழங்கால் வலிக்கு மட்டும் டாக்டரிடமே செல்லுங்கள். திரையில் இருப்பது உங்கள் முழங்கால் அல்ல!