குதிரை நடந்த வழியில் ஒரு கவி

சதுரங்கம் என்னும் சொல்லுக்கு நான்கு உறுப்புகளை உடையது என்பது பொருள். தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையே அந்நான்கு உறுப்புகள். இந்தியாவில் தோன்றிய இவ்விளையாட்டு பாரசீகம் வழியாக மேற்கே சென்றது. கடல் கடந்து கிழக்கேயும் வந்தது. மலாய் மொழியில் இதன் பெயர் ‘சாத்தூர்’. பலகையின் மூலையில் நிற்கும் காயை மலாய்க்காரர் ‘தீர்’ என்பர். அது தமிழ்த் ‘தேர்’ என்பதன் திரிபே என்று மொழிநூலார் கூறுவர். மலேசியத் தமிழ்ப்பள்ளி மாணவன் தன் அண்டை வீட்டுத் தோழனுடன் ஆட அமரும்போது, பலகையின் மூலையில் ஒரு தமிழ்ச்சொல் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறது.

இவ்விளையாட்டில் எதிராளியோடு பொருதும் ஆட்டம் ஒன்று. தனியே அமர்ந்து புதிர் புனையும் கலை மற்றொன்று. ஆட்டத்தில் தமிழர் பெற்ற பெருமையை உலகம் அறியும். 2022ஆம் ஆண்டில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடு மாமல்லபுரத்தில் நடைபெற்றது. ஆனால் புதிர் புனையும் கலையிலும் தமிழ்நாட்டுக்கு ஒரு பழைய உரிமை உண்டு என்பதைப் பலர் அறியார். அதைப் பெற்றுத் தந்தவர் ஆட்டக்காரர் அல்லர்; ஒரு கவிஞர். அவர் கையாண்ட காய் குதிரை.

தேசிகரின் பலகை

மற்றக் காய்கள் நேராகவோ மூலைவாட்டிலோ செல்லும். குதிரை மட்டும் இரண்டு கட்டம் நேரே சென்று, ஒரு கட்டம் பக்கவாட்டில் திரும்பும். இடையில் நிற்கும் காய்களைத் தாண்டவும் செய்யும். இக்கோணல் நடையைக் கொண்டு, ஒரு கட்டத்தையும் விடாமலும் எதையும் இருமுறை மிதியாமலும் பலகை முழுவதையும் சுற்றிவர முடியுமா என்பது மிகப் பழைய வினா. 9ஆம் நூற்றாண்டில் காசுமீரத்தில் வாழ்ந்த உருத்திரடர், தம் காவியாலங்காரம் என்னும் அணிநூலில் இதற்கு விடையாக ஒரு வடமொழிச் செய்யுளையே அமைத்தார். பலகையின் பாதியாகிய 32 கட்டங்களில், கட்டத்துக்கு ஓர் அசையாக அச்செய்யுளை எழுதி, குதிரை நடையில் படித்தாலும் அதே செய்யுள் வரும். ஒரு சில ஒலிகளையே திரும்பத் திரும்ப அடுக்கி அவர் இதைச் சாதித்தார்.

நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின், காஞ்சியை அடுத்த தூப்புலில் 1268இல் பிறந்த வேதாந்த தேசிகர் இதனினும் கடியதொரு வேலையை மேற்கொண்டார். திருவரங்கத்து அரங்கநாதனின் பாதுகைகளைப் போற்றி அவர் பாடிய பாதுகா சகஸ்ரம் 1008 வடமொழிச் சுலோகங்களைக் கொண்டது. ஒரே இரவில் அது பாடப்பெற்றது என்பது வைணவ மரபு. அதன் 30ஆவது பகுதி சித்திர பத்ததி. அப்பகுதியில் உள்ள 929ஆம் சுலோகத்தை நான்கு வரியாக, வரிக்கு எட்டு அசையாக எழுதிக் குதிரை நடையில் படித்தால், அடுத்த 930ஆம் சுலோகம் கிடைக்கும். உருத்திரடரின் பலகையில் ஒரே செய்யுள் இருமுறை வந்தது. தேசிகரின் பலகையில் வருவனவோ இரண்டு வெவ்வேறு செய்யுட்கள், இரண்டும் பொருளுடையவை. குதிரை செல்லும் வழி இது:

1 | 30 | 9 | 20 | 3 | 24 | 11 | 26
16 | 19 | 2 | 29 | 10 | 27 | 4 | 23
31 | 8 | 17 | 14 | 21 | 6 | 25 | 12
18 | 15 | 32 | 7 | 28 | 13 | 22 | 5

ஒன்றிலிருந்து முப்பத்திரண்டு வரை விரலால் தொட்டுச் சென்றால், ஒவ்வோர் எட்டும் குதிரையின் எட்டே என்பது விளங்கும். முதற்செய்யுளின் 11ஆம் அசை இரண்டாம் செய்யுளில் 2ஆம் அசையாகிறது. 5ஆம் அசை 3ஆம் அசையாகிறது. இடம் மாறாதவை இரண்டே: முதல் அசையும் 21ஆம் அசையும். ஏனைய முப்பதும் புதிய இடம் பெற்று, புதிய சொற்களாகப் பிரிந்து சேர்கின்றன.

விடையிலிருந்து வினாவுக்கு

இவ்வமைப்பைக் கூர்ந்து நோக்கினால், புதிர் புனைவோர் அனைவர்க்கும் பயன்படும் ஓர் உண்மை தெரியவரும். இரண்டு சுலோகங்களும் அனுட்டுப்பு யாப்பில் அமைந்தவை. அவ்யாப்பில் ஒவ்வோர் அடியிலும் ஐந்தாம் அசை குறுகியும் ஆறாம் அசை நீண்டும் வருவது பொதுவிதி. அடியின் ஈற்றசையோ குறிலாகவும் இருக்கலாம், நெடிலாகவும் இருக்கலாம். இப்போது பலகையின் கடைசிக் கட்டத்தைப் பார்க்க வேண்டும். முதற்செய்யுளில் அது 32ஆம் அசை. அங்கே கவிஞருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் குதிரை நடையில் அக்கட்டத்தின் எண் 5. இரண்டாம் செய்யுளில் அது ஐந்தாம் இடத்துக்கு வந்துவிடுவதால், அங்கே குறில்தான் நிற்க வேண்டும். ஆகவே, இரண்டாம் செய்யுள் எழுதப்படுவதற்கு முன்பே, முதற்செய்யுள் குறிலில் முடிய வேண்டும் என்று முடிவாகிவிடுகிறது. தேசிகரின் செய்யுள் அவ்வாறே முடிகிறது.

ஆக, படிப்பவர் வினாவிலிருந்து விடைக்குச் செல்கிறார். புனைபவரோ விடையைக் கையில் வைத்துக்கொண்டு வினாவைக் கட்டுகிறார். இன்றைய சதுரங்கப் புதிர் புனைவோரும் பெரும்பாலும் இவ்வழியையே பின்பற்றுவர். அரசன் இறுதியாக முற்றுகையில் சிக்கிய நிலையை முதலில் அமைத்து, அதிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு நகர்த்தலாக எடுப்பர்.

தமிழில் சித்திரக்கவி

எழுத்துகளைக் கட்டத்தில் அடைத்துப் பாடும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. தண்டியலங்காரம் சொல்லணியியலில் மாலைமாற்று, சுழிகுளம், சருப்பதோபத்திரம் முதலான சித்திரக்கவிகளுக்கு இலக்கணம் கூறுகிறது. காதை கரப்பு, கரந்துறை செய்யுள் என்பவை ஒரு செய்யுளுக்குள் மற்றொன்றை ஒளித்து வைப்பவை. சருப்பதோபத்திரத்தை எழுதும் கட்டங்கள் எட்டுக்கு எட்டு, அறுபத்து நான்கு. சதுரங்கப் பலகையின் கணக்கும் அதுவே. எனினும் குதிரைப் பாய்ச்சல் அந்நூல் கூறும் வகைகளில் இடம்பெறவில்லை.

சித்திரக்கவியை வீண்வேலை என்று ஒதுக்கும் அறிஞர் உண்டு. கவிதையின் உயிர் உணர்ச்சி, எழுத்து விளையாட்டன்று என்பது அவர் வாதம். கவிதைக்கு அவ்வாதம் பொருந்தலாம். ஆனால் எழுத்தைக் கற்பிக்கும் வகுப்பறைக்கு அது பொருந்துமா என்பதைச் சிறிய பலகை ஒன்றைக் கொண்டு ஆராயலாம்.

பன்னிரண்டு கட்டங்களில் ஒரு புதிர்

3×3 பலகையில் நடுக்கட்டத்தைக் குதிரை எட்டவே முடியாது. 4×4 பலகையிலும் முழுச்சுற்று அமையாது. மூன்று வரியும் வரிக்கு நான்கு கட்டமும் உடைய பலகையே முழுச்சுற்று அமையும் மிகச் சிறிய பலகை. அதன் ஒரு வழி இது:

1 | 4 | 7 | 10
12 | 9 | 2 | 5
3 | 6 | 11 | 8

இனி, பன்னிரண்டு எழுத்துள்ள தொடர் ஒன்று வேண்டும். ‘வெள்ளைக் குதிரை பாய்ந்தது’ என்பதை மெய்யெழுத்தையும் சேர்த்து எண்ணினால் சரியாகப் பன்னிரண்டு. வடமொழியில் ஒற்று அடுத்த உயிரோடு ஓர் அசையாகச் சேர்ந்துவிடும். தமிழிலும் கட்டளைக் கலித்துறைக்கு எழுத்தெண்ணும்போது ஒற்றை நீக்குவர். ஆனால் இப்புதிரில் புள்ளி பெற்ற எழுத்துக்கும் ஒரு கட்டம் உண்டு. எண்களின் வழியே எழுத்துகளை நிரப்பினால் பலகை இவ்வாறு அமையும்:

வெ | க் | ரை | ந்
து | ய் | ள் | கு
ளை | தி | த | பா

எண்களை அழித்துவிட்டு, இடது மேல் மூலையில் உள்ள ‘வெ’யில் தொடங்குமாறு மட்டும் சொல்லி மாணவரிடம் கொடுத்தால் புதிர் ஆயத்தம். தொடங்கும் கட்டத்தைச் சொல்லாமல் விடுவது முறையன்று.

மாற்று விடை உண்டா?

புதிரைக் கட்டி முடித்தவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. சதுரங்கப் புதிர்களில், புனைந்தவர் எண்ணாத இரண்டாவது விடை ஒன்று வெளிப்பட்டால் அப்புதிர் பழுதுபட்டதாகக் கொள்ளப்படும். ஆதலால் புனைபவரே தம் புதிரின் முதற்பகைவராக அமர்ந்து, அதைக் கெடுக்க முயன்று பார்க்க வேண்டும்.

மேற்கண்ட பலகையைச் சோதிப்போம். ‘வெ’யிலிருந்து குதிரை ‘ள்’ளுக்கும் பாயலாம், ‘தி’க்கும் பாயலாம். ‘தி’க்குப் பாய்ந்தால் பலகை நிறைவதில்லை. அடுத்து ‘க்’கிலிருந்து ‘கு’வுக்கும் போகலாம், ‘த’வுக்கும் போகலாம், ‘த’வுக்குப் போனாலும் சில கட்டங்கள் எஞ்சிவிடும். ஆனால் ‘ரை’யை அடைந்ததும் வழி உண்மையாகவே இரண்டாகப் பிரிகிறது. ‘பா’வுக்குப் பாய்ந்தால் ‘பாய்ந்தது’ என்று முடிகிறது. ‘து’வுக்குப் பாய்ந்தாலும் கட்டங்கள் அனைத்தும் நிறையும்; அப்போது எழுத்துகள் து, த, ந், ய், பா எனத் தலைகீழாக வரும். அந்த மூலையிலிருந்து முழுச்சுற்றுகள் இவ்விரண்டே, மூன்றாவது இல்லை.

குதிரை நடையை மட்டும் கொண்டு நோக்கினால் இப்புதிருக்கு விடை இரண்டு. தமிழையும் சேர்த்து நோக்கினால் விடை ஒன்றே. ஏனெனில் ‘துதந்ய்பா’ என்று ஒரு சொல் இல்லை. பலகை முடிவு செய்யாததை மொழி முடிவு செய்கிறது.

இதிலிருந்து ஓர் இனிய வாய்ப்பும் பிறக்கிறது. கடைசி ஐந்து எழுத்தும் மாலைமாற்றாக அமையும் தொடரைத் தேர்ந்தால், எவ்வழியில் சென்றாலும் ஒரே விடை வரும். ‘வந்தவர் ஒரு விகடகவி’ என்பது பன்னிரண்டு எழுத்து. அதன் இறுதிச் சொல்லை எப்பக்கமிருந்து படித்தாலும் ஒன்றே. தண்டியலங்காரம் கூறும் மாலைமாற்று இங்கே புதிரின் பழுதை நீக்கும் கருவியாகிவிடுகிறது.

ஒற்றின் கணக்கு

வகுப்பறைக்கு இதனால் விளையும் பயன் ஒற்றில் இருக்கிறது. ‘வெள்ளை குதிரை’ என்று வல்லெழுத்தை விட்டு எழுதும் மாணவனுக்கு எழுத்து பதினொன்றே கிடைக்கும். ஒரு கட்டம் வெறுமையாய் நிற்கும். ‘குதிரைப் பாய்ந்தது’ என்று வேண்டாத ஒற்றைச் சேர்ப்பவனுக்குப் பதின்மூன்றாகி, ஓர் எழுத்துக்கு இடமில்லாமற் போகும். வெள்ளைக் குதிரை பண்புத்தொகை. அங்கே வலி மிகும். குதிரை பாய்ந்தது எழுவாய்த் தொடர், அங்கே மிகாது. குதிரைப் பாய்ச்சல் என்னும்போது வேற்றுமைத் தொகையாகி மீண்டும் மிகும். நூற்பாவை மனப்பாடம் செய்தும் நினைவில் நில்லாத வேறுபாட்டை ஒரு வெற்றுக் கட்டம் உணர்த்திவிடும். சிவப்பு மையால் ஆசிரியர் சுழிப்பதற்கு முன்பே மாணவன் தன் பிழையைத் தானே கண்டுகொள்வான்.

புதிரை விடுவிப்பவனுக்கு இப்பயன் பாதியே கிட்டும். எழுத்துகளை வேறொருவர் எண்ணி வைத்துவிட்டார் அன்றோ? தானே தொடர் அமைத்து, எழுத்தெண்ணி, கட்டத்தில் இட்டு, மாற்று வழியையும் சோதிப்பவனுக்கே முழுப்பயன் உரியது. எனவே ஆசிரியர் முதல் வாரம் ஒரு புதிரைக் கொடுத்து விடுவிக்கச் செய்து, மறுவாரம் மாணவரையே புனையச் செய்வது நன்று. ஒருவன் புனைந்ததை மற்றொருவன் விடுவித்துப் பழுது காண வேண்டும்.

பெரிய பலகைக்குச் செல்வோருக்கு

கைதேர்ந்த மாணவர் 5×5 பலகைக்குச் செல்லலாம். குதிரை ஒவ்வொரு பாய்ச்சலிலும் நிறம் மாறுவது. அப்பலகையில் ஒரு நிறம் 13, மற்றது 12. ஆகவே மூலைக் கட்டத்தின் நிறமுடைய கட்டத்திலேயே தொடங்க வேண்டும். வழி தேடுவோருக்கு 1823இல் வார்ன்சுடார்ஃபு என்னும் செருமானியர் ஓர் எளிய விதி வகுத்தார்: அடுத்துச் செல்லக்கூடிய கட்டங்களுள், அங்கிருந்து வெளியேறும் வழி எதற்கு மிகக் குறைவோ, அதற்கே முதலில் பாய வேண்டும்.

முடியாததை முயன்று காலத்தை வீணாக்காமலிருக்க ஓர் எச்சரிக்கையும் தேவை. தேசிகரின் நான்கு வரிப் பலகையில், தொடங்கிய கட்டத்துக்கே திரும்பும் சுற்று அமையவே அமையாது. காரணம் எளிது. முதல், நான்காம் வரிகளாகிய புறவரிகளில் நிற்கும் குதிரை இடையிலுள்ள இரு வரிகளுக்கே பாய முடியும். புறக்கட்டமும் அகக்கட்டமும் எண்ணிக்கையில் சமம். ஆதலால் மீளும் சுற்றில் புறம், அகம் என மாறி மாறியே வரவேண்டும். நிறமும் அவ்வாறே மாறி மாறி வருவது. அப்படியானால் புறக்கட்டங்கள் அனைத்தும் ஒரே நிறமாக இருத்தல் வேண்டும். அவை அவ்வாறு இல்லை. முழுப்பலகையிலோ, மீளும் சுற்றுகள் திசையையும் கணக்கிட்டால் 26 இலட்சம் கோடிக்கும் மேல்.

அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து 64 எழுத்தில் ஒரு நல்ல தமிழ்ச் செய்யுளை அடைக்க ஒரு நாள் ஒரு மாணவன் முற்படலாம். அதற்குமுன் பன்னிரண்டு கட்டங்களில், ஒற்று ஒன்றும் குறையாமல் மிகாமல், ஒரு தொடரை அவன் சரியாக எழுதிவிட்டாலே ஆசிரியரின் உழைப்பு வீண்போகவில்லை எனலாம்.