தறியும் சிலேட்டும்

1734-இல் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட், வணிகர் சுங்குராமனின் தோட்டத்தில் சென்னையின் சிந்தாதிரிப்பேட்டையை அமைத்தார். கூவம் வளைத்துக்கொண்டு ஓடும் இடம். நூற்பவர், நெய்பவர், துணியில் சித்திரம் தீட்டுபவர், சாயமிடுபவர், வெளுப்பவர், கோயிலைச் சார்ந்தவர்கள் ஆகியோருக்கே அன்று இங்கே குடியிருக்க அனுமதி.

துணியில் சித்திரம் தீட்டுபவரின் மூங்கில் எழுதுகோலைப் பாருங்கள். கூர்முனைக்கு மேலே சுற்றிக் கட்டியிருக்கும் நூல்தான் மைக்கூடு. விரலால் அழுத்தினால் மை இறங்கும். துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டால் கிடைப்பது அந்த மை. கடுக்காயும் பாலும் ஏற்றிய துணியில் பட்டதும் கறுக்கும். பால் ஏறாவிட்டால் கோடு கசிந்துவிடும். சோழமண்டலக் கரைப் பிள்ளைகள் இதையெல்லாம் வீட்டில், பெரியவர்களின் கையைப் பார்த்தே பழகினார்கள்.

பள்ளியையும் தொழிலையும் முடிச்சுப்போட 1953-இல் ராஜாஜி முயன்றார். கிராமத் தொடக்கப் பள்ளிகளில் 3 மணி நேரம் பாடம். மிச்சப் பொழுதுக்கு அப்பாவின் தொழில். நெசவாளி மகன் தறியைவிட்டு எழுந்திருக்கவே கூடாதா என்று கொதித்த பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதைக் ‘குலக்கல்வி’ என்றார்கள். நியாயமான கோபம். 1954-இல் முதல்வரான காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார்.

குலம் பார்க்காமலும் கைக்கலையைப் பள்ளிக்குள் கொண்டுவரலாம். சீனாவின் வடகிழக்கில் மஞ்சு மக்களின் காகித வெட்டுக் கலையைச் சில தொடக்கப் பள்ளிகளில் சொல்லித்தருகிறார்கள். தமிழக அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய கலைத் திருவிழாவில் இப்போது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளும் உண்டு. ஓவியமோ, களிமண் பொம்மையோ, நாட்டுப்புற ஆட்டமோ, யார் வீட்டுப் பிள்ளையும் எதற்கும் பெயர் கொடுக்கலாம்.