டாக்டர் டவுனில், நோயாளி கிராமத்தில்

எங்கள் ஊரிலிருந்து சுகர் ரிப்போர்ட்டைக் காட்டிவர ரெண்டு பஸ் மாறணும். டாக்டர் பார்ப்பது அஞ்சு நிமிஷம். போவது ஒரு நாள் கூலி. இதற்குத்தான் டெலிமெடிசின். ஆந்திராவின் அரகொண்டா கிராமத்தில் 2000-ஆம் ஆண்டிலேயே செயற்கைக்கோள் மூலம் இதைச் செய்தார்கள். இன்று சின்ன கிளினிக்குக்கு ஒரு கம்ப்யூட்டரும் நல்ல இன்டர்நெட்டும் போதும்.

நண்பர்களே, காமிராவுக்குக் காசைக் கொட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது லைன். செல்போன் டவரில் டேட்டா இறங்கும் வேகத்தைவிட ஏறும் வேகம் குறைவு. நோயாளியின் படமோ ஏறித்தானே டாக்டருக்கு வரணும்! குரலுக்கு வினாடிக்குச் சில பத்து கிலோபிட் போதும். வீடியோ பல நூறு கேட்கும். லைன் திணறினால் படத்தை நிறுத்திவிட்டுக் குரலைக் காப்பாற்றுங்கள். கரண்ட் போனால்? கம்ப்யூட்டரோடு மோடத்தையும் யு.பி.எஸ்.ஸில் மாட்டணும். நோயாளி ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் முகம் இருட்டாகிவிடும், காமாலை மஞ்சள்கூடத் தெரியாது.

சட்டமும் உண்டு. 2020 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட விதிமுறைப்படி மருந்துச் சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்கணும். பார்த்த விவரத்தை எழுதி வைக்கணும். போதைப்பொருள் சட்டத்தில் வரும் மார்பின் போன்ற மருந்துகளை எழுதக் கூடாது. நெஞ்சுவலி மாதிரி அவசரம் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட வேண்டும்.

எடுத்த எடுப்பில் எல்லோரையும் சேர்க்க வேண்டாம். ஏற்கெனவே நேரில் பார்த்த சுகர், பிரஷர் நோயாளிகளோடு தொடங்கலாம். முந்தின நாளே ஓர் ஆள் அவர்களுக்குப் போன் போட்டு, சத்தம் கேட்கிறதா என்று சோதித்துவிட்டால், டாக்டரின் பாதி நேரம் 'ஹலோ, ஹலோ'விலேயே போகாது.