நோயாளரை நோக்கி அறிதல்

சென்ற கோடை விடுமுறையில், முள்ளிப்பட்டில் வாழும் எங்கள் ஆயாவை, மருத்துவக் கல்லூரியொன்றைச் சார்ந்த பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். நாற்பதாண்டுகளுக்கு மேலாகத் தறிக்குழியில் இறங்கி மிதி மிதித்துப் பட்டு நெய்த கால்கள் இப்போது மடங்க மறுக்கின்றன. மருத்துவர் பார்த்து மருந்தெழுதிக் கொடுத்தபின், கையில் சில தாள்களுடன் ஓர் இளைஞர் எம்மை அணுகினார். மூட்டுநோயைப் பற்றி அங்கே ஓர் ஆராய்ச்சி நடைபெறுகின்றதென்றும், சில வினாக்களுக்கு விடை பகர்ந்து, சிறிது இரத்தமும் கொடுத்து, ஆறு திங்களுக்கு ஒருமுறை வந்து காட்டிச் செல்லவேண்டுமென்றும், புது மருந்து யாதொன்றும் கொடுக்கப்படமாட்டாதென்றும் விரைந்து கூறி முடித்தார். அவருக்குப் பின்னே வரிசை நீண்டிருந்தது. ஆயா ஒன்றும் வினவாது பெருவிரலை நீட்டினார்.

பேருந்தில் திரும்புகையில், "என்ன ஏதென்று கேளாமலே ரேகை வைத்துவிட்டீர்களே, ஆயா?" என்றேன். "வைக்காவிட்டால் மருந்து தருவார்களோ, மாட்டார்களோ, யார் கண்டது?" என்றார். சற்று நேரங் கழித்து, "மருந்தும் கொடுக்காமல் சும்மா பார்த்துக்கொண்டிருக்க நான் எதற்கடா?" என்றும் கேட்டார்.

இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை. தமிழ் பயில்வானுக்கு மருத்துவ ஆராய்ச்சியைப் பற்றி எழுத என்ன உரிமை எனின், இத்தாள்களிற் கையொப்பமிடும்படி கேட்கப்படுவோருள் மருத்துவம் பயின்றோர் மிகச் சிலரே என்பேன்.

நோயாளரைக் கொண்டு நிகழும் ஆராய்ச்சி இருவகையது. ஒன்றில் ஆராய்வோர் தாமே ஒரு மாறுதலைச் செய்வர். சிலருக்குப் புது மருந்தும் சிலருக்குப் பழைய மருந்தும் கொடுத்து விளைவை ஒப்பிடுவர். மற்றொன்றில் அவர்கள் மாற்றுவது யாதுமில்லை. நடப்பதை நடந்தவாறே நோக்கிக் குறித்துக்கொள்வர். பின்னதை ஈண்டு நோக்காய்வு என்போம். சோதித்தறிவதே மேலன்றோ எனின், சோதிக்கலாகாதன உலகிற் பல உள. ஒருவனைப் புகை பிடிக்கச் செய்து அவனுக்குப் புற்றுநோய் வருகின்றதா என்று பார்த்தல் கொலைக்கு ஒப்பாகும்; தானே புகை பிடிப்பவனைப் பார்த்தலோ அத்தகையதன்று.

ஆரணி நெசவாளருக்கு இம்முறை புதிதன்று. ஜரிகை கறுத்துவிட்டதென்று சேலைகள் திரும்பி வருமாயின், கறுத்தவற்றை ஒருபுறமும் கறுக்காதவற்றை மறுபுறமும் வைத்து, எந்தக் கட்டு ஜரிகை, எந்த மாதத்து நெசவு, எங்கே வைக்கப்பட்டிருந்தது என்று பின்னோக்கி விசாரிப்பர். கறுத்தவற்றை மட்டும் பார்ப்பவனுக்குக் காரணம் புலப்படாது. இரண்டையும் அருகருகே வைத்தல் வேண்டும். இலண்டன் மாநகரில் ரிச்சர்ட் டால், பிராட்போர்டு ஹில் என்னும் இருவர் செய்ததும் இதுவே. நுரையீரற் புற்றுநோய் பெருகிவருவது கண்டு, 1948 முதல் அந்நகரின் 20 மருத்துவமனைகளிற் கிடந்த நோயாளரை வினவச் செய்தனர். 1950-ல் வெளியிட்ட முதல் அறிக்கையில், அப்புற்றுநோயுற்றார் 709 பேரும், வேறு நோயுற்றார் 709 பேரும் ஒப்பிடப்பெற்றனர். ஒவ்வொரு பகுதியிலும் ஆடவர் 649 பேர். புற்றுநோயுற்ற ஆடவருள் புகை பிடியாதார் இருவரே. ஏனையோருள் 27 பேர். தொடக்கத்தில் டால் ஐயுற்றது புகையிலையை அன்று. சாலைக்கிடும் தாரையும் மோட்டார் வண்டிகளின் புகையையுமே. கணக்கு வேறு திசை காட்டவே, ஆராய்ச்சி முடியுமுன் அவரே புகைபிடித்தலை விட்டொழித்தார். அக்கட்டில்களிற் கிடந்தோர்க்கு அவ்வினாக்களால் ஒரு நன்மையும் விளைந்திலது என்பதை நினைவில் வைத்தல் வேண்டும்.

பின்னோக்கி வினவுவதில் ஒரு குறையுண்டு. மாந்தர் நினைவு பிழைபடும். ஆதலின் பிறந்த நாள் தொட்டே முன்னோக்கித் தொடர்ந்து பார்ப்பதும் உண்டு. அதற்கு நல்ல சான்று நம் வட ஆர்க்காட்டிலேயே இருக்கின்றது. 1900-ல் அய்டா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய மருந்தகமும், 1918-ல் பெண்மக்களுக்கென அவர் நிறுவிய மருத்துவப் பள்ளியும் வளர்ந்தோங்கியதே வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி. அக்கல்லூரியார் 2002-ஆம் ஆண்டு முதல், கஸ்பா, சின்ன அல்லாபுரம், இராமநாயக்கன்பாளையம் என்னும் நெருக்கமான குடியிருப்புகளிற் பிறந்த 452 குழந்தைகளைத் தாய்மாரின் இசைவோடு சேர்த்துக்கொண்டனர். அவர்கள் அறிய விரும்பியது ரோட்டா வைரஸைப் பற்றி. சிறு குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமி அது. பணியாளர் வாரம் இருமுறை வீடு தேடிச் சென்றனர். நோயிருந்தாலும் இல்லாவிடினும் இரு வாரத்திற்கு ஒருமுறை குழந்தையின் மலம் சேகரிக்கப்பட்டது.

இதனைப் படிப்போர் சிலர் முகஞ் சுளிக்கலாம். ஆயின், பீடி சுற்றிப் பிழைக்கும் தாய் ஒருத்தி, மூன்றாண்டுக் காலம், இரு வாரத்திற்கு ஒருமுறை அதனை எடுத்து வைத்துக் கொடுத்தலைச் சற்று எண்ணிப் பாருங்கள். இடையில் ஊர் பெயர்ந்தோர் போகப் பல காரணங்களால் விலகினோரும் போக, 373 குழந்தைகள் மூன்றாண்டும் நிறைவு செய்தன. அவற்றின் கணக்கு 2011-ல் வெளிவந்தது. மெக்சிகோ நாட்டில் 200 குழந்தைகளை இவ்வாறே தொடர்ந்து நோக்கி 1996-ல் வெளியிட்ட ஆய்வில், இருமுறை இக்கிருமி தொற்றிய குழந்தைக்குப் பின்னர்க் கடுமையான நோய் வரவேயில்லை என்று கண்டிருந்தனர். வேலூரிலோ மூன்று முறை தொற்றியபின்னும் 79 விழுக்காட்டுப் பாதுகாப்பே கிட்டியது. பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளை ஆறு மாதம் நிரம்புமுன்பே கிருமி தொற்றிவிட்டிருந்தது. ஓரிடத்தில் மெய்யானது பிறிதோரிடத்தில் அவ்வாறே மெய்யாதல் இல்லை என்பதும், தடுப்பு மருந்திடமிருந்து நம் நாட்டில் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதும் இதனால் விளங்கின.

அத்தடுப்பு மருந்தின் வரலாறும் நோக்குதலிலேயே தொடங்குகின்றது. 1980-களில் புதுதில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில், பிறந்த சில நாட் குழந்தைகளிடம் இக்கிருமி இருந்தும் அவற்றிற்கு வயிற்றுப்போக்கு இல்லாமை கண்டு மருத்துவர் எம். கே. பான் வியந்தார். அக்குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்ததில், பிற்காலத்து நோயும் குறைந்திருந்தது. துன்புறுத்தாத அக்கிருமியே மருந்தாக்கப்பட்டு, தில்லி, புனே, வேலூர் ஆகிய மூவிடத்தும் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பெற்று, 2016-ல் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் இடம் பெற்றது. 2017 முதல் தமிழ்நாட்டுக் குழந்தைகளுக்கும் ரோட்டா வைரஸ் தடுப்புச் சொட்டு மருந்து அரசு நிலையங்களில் வழங்கப்படுகின்றது. முள்ளிப்பட்டில் என் தமக்கையின் மகவு ஆறாம் வாரத்தில் அதனை விழுங்கி முகங் கோணியதை யான் கண்டேன். ஆயாவின் இரண்டாம் வினாவுக்கு அந்தக் கோணிய முகமே விடை.

இனி, நோக்காய்வு கூறுவதையெல்லாம் வேதவாக்காகக் கொள்ளலுமாகாது. பெரிய மருத்துவமனைக்கு வருவோர் எல்லாரும் ஊராரின் சரியான மாதிரியாகார். தறியிற் பாதிச் சேலை கிடக்கும்போது முழங்கால் வலிக்கென ஒரு நாளை யார் இழப்பர்? வலி முற்றியவரும், தறியை விட்டுவிட்டவரும், உடன்வரப் பேரப்பிள்ளை உடையவருமே அங்கு வருவர். அவர்களை மட்டும் எண்ணி, நெசவாளர் முழங்கால் இத்தகையது என்று முடிவு கட்டினால், வீட்டிலிருந்தே வலியைப் பொறுத்துக்கொள்வோர் கணக்கில் வரார். அன்றியும், இரண்டு ஒருங்கே காணப்படுவதனால் ஒன்று மற்றொன்றிற்குக் காரணமாகிவிடாது. குழித்தறிதான் காரணமோ, முதுமையோ, உணவோ என்று பிரித்தறிதற்கே அவ்வளவு வினாக்களும் கேட்கின்றனர்.

ஆயாவின் முதல் வினா இவற்றினும் பெரிது. மருந்து மறுக்கப்படுமோ என்ற அச்சம் அறியாமையால் வந்ததென்று முதலில் எண்ணினேன். பின்னர் அமெரிக்க நாட்டின் டஸ்கீகி வரலாற்றைப் படித்தபின் அவ்வாறு எண்ணுவதை நிறுத்திக்கொண்டேன். அங்கு 1932-ல் அரசின் பொதுச் சுகாதாரத் துறையினர், மேகநோயுற்ற ஏழைக் கறுப்பின ஆடவர் 399 பேரையும், அந்நோயில்லாதார் 201 பேரையும் சேர்த்து நோக்கத் தொடங்கினர். அவர்களுக்கு உற்ற நோய் இன்னதென்று சொல்லவில்லை. கெட்ட இரத்தம் என்றனர். இலவச உணவும், இறந்தபின் அடக்கச் செலவும் தருவதாகச் சொன்னார்கள். முதுகெலும்பினின்று நீர் எடுத்ததைச் சிறப்புச் சிகிச்சை என்று கூறி அழைத்தனர். 1947-க்குள் பெனிசிலின் அந்நோய்க்கு உற்ற மருந்தென நிலைபெற்றுவிட்டது. ஆயினும் அதனைக் கொடுத்திலர். கொடுத்தால் நோக்குவதற்கு ஒன்றும் இராது அன்றோ! 1972-ல் செய்தித்தாள்கள் வெளிப்படுத்தியபின்னரே அது நின்றது. 1997-ல் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் மன்னிப்பு வேண்டினார். எரிகோ செல்லும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் காணாது சென்ற இருவரை நாம் ஞாயிறு பள்ளியிலேயே அறிவோம். நாற்பதாண்டுகள் அருகிலிருந்து குறிப்பெழுதிக்கொண்டே பார்த்திருந்தோரை என்னென்பது?

இத்தகைய கொடுமைகளுக்குப் பின்னரே விதிகள் எழுந்தன. நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகள், மருந்து கொடாத நோக்காய்வுக்கும் பொருந்தும். ஆராய்ச்சியை முதலில் ஓர் அறநெறிக் குழு ஆராய்தல் வேண்டும். அதன் தலைவர் அந்நிறுவனத்தைச் சாராதவராயிருத்தல் வேண்டும். மருத்துவமறியாத பொதுமக்களுள் ஒருவரும் அதில் அமர்தல் வேண்டும். நோயாளருக்கு விளங்கும் மொழியிற் செய்தியைக் கூறி, எண்ண நேரம் அளித்து, அதன்பின்னரே இசைவு கேட்கவேண்டும். எழுதப் படிக்க அறியாதார் ரேகை வைக்கையில், ஆராய்ச்சியோடு தொடர்பில்லாத ஒருவர் சாட்சியாக உடனிருத்தல் வேண்டும். போக்குவரத்துச் செலவையும் இழந்த கூலியையும் ஈடுசெய்யலாம். எல்லாவற்றினும் முதன்மையானது: மறுத்தாலும், நடுவில் விலகினாலும், உரிய சிகிச்சையில் ஒரு குறையும் நேரலாகாது. ஆயாவுக்குச் சொல்லப்படாது போனது இந்த ஒன்றே. அவ்விளைஞர் தீயவரல்லர், வரிசை நீண்டிருந்தது, அவ்வளவே. ஆனால் இசைவு பிழைபடுவது பெரும்பாலும் அந்த அவசரத்திலேதான் என்று தோன்றுகின்றது.

மறு திங்கள் மருந்து வாங்கச் சென்றபோது, இவற்றையெல்லாம் ஆயாவிடம் எடுத்துரைத்து, அவ்விளைஞரையும் தேடிப் பிடித்தேன். அவர் இம்முறை அருகே அமர்ந்தார். "வேண்டாமென்றால் மாத்திரையை நிறுத்திவிடுவீர்களா, தம்பி?" என்று ஆயா கேட்டார். இல்லையென்று அவர் தாளிலுள்ள வரியைக் காட்டி, தமிழில் மெல்லப் படித்தார். இரத்தத்தில் ஏதேனும் தெரிந்தால் தமக்குச் சொல்லவேண்டும் என்றார் ஆயா. சொல்வோம் என்றார் அவர். பின்னர் ஆயா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. தறியிலிருந்து எழுந்துவிட்ட போதிலும், மருமகளின் தறிக்குத் தார் சுற்றிக் கொடுப்பவர் இன்றும் அவரே. வருவதாகவும், ஆயின் தீபாவளிச் சேலைகள் தறியைவிட்டு இறங்குமுன் ஒருநாளும் வர இயலாதென்றும் கூறினார். அவ்விளைஞர் அதனைத் தாளின் ஓரத்திற் குறித்துக்கொண்டார்.